ஆற்றோடு விட்ட சேலைகள்

ஏப்ரல் 27, ஞாயிறு

இல்லை, அம்மாவுக்காக அல்ல. ஆறு பொது. குப்பையும் பொது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேன். கோயம்புத்தூர்க் கல்லூரியில் ஜூன் இரண்டாம் வாரம் வேலைக்குச் சேர வேண்டும். நடுவில் ஒரு கோடை கிடக்கிறது. ஒருத்தி படித்துறையைச் சுத்தம் செய்ய ஆள் சேர்ப்பதற்கு இவ்வளவு காரணம் போதும்.

இருந்தாலும் எழுதி வைக்கிறேன். தை மாதம் அம்மா ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீருக்கடியில் கிடந்த ஒரு சேலை அவள் காலைச் சுற்றிக்கொண்டது. உள்ளே போய்விட்டாள். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில்தான் குளியல். கேட்பவர்களிடம் மூட்டுவலி என்கிறாள். என்னிடமும் மூட்டுவலிதான். நடந்ததைச் சொன்னவள் ஜொஹரா, என் பள்ளித் தோழி, பஜாரில் தையல் வகுப்பு நடத்துகிறாள்.

அம்மாவுக்கு ஆறு வெறும் குளியல் அல்ல. யார் வீட்டில் விசேஷம், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அந்தப் படியில்தான் தெரியும். இப்போது ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறாள். தெரு எதுவும் சொல்வதில்லை.

ஏப்ரல் 30, புதன்

பஞ்சாயத்தில் பேசினேன். டிராக்டர் தருவார்கள். ஜூனில் கார் பருவ நெல்லுக்கு அணை திறந்துவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டுமாம். தண்ணீர் வந்துவிட்டால் அடியில் கிடப்பதை யாரும் தொட முடியாது. ஒத்தாசைக்கு ஓர் ஆள் அனுப்பச் சொன்னேன். சரி என்றார்கள்.

மற்ற குப்பை பெரிதில்லை. துணிதான். வெளியூரிலிருந்து பரிகாரத்துக்கு வருகிறார்கள். முங்கி எழுந்து, உடுத்தியிருந்ததை ஆற்றோடு விட்டால் தோஷம் அதோடு போய்விடும் என்று யாரோ சொல்லி அனுப்புகிறார்கள். தோஷம் போகிறதோ என்னவோ, துணி போவதில்லை. படிக்குக் கீழே மணலில் புதைகிறது. அடுத்த வாரத்துச் சேலை அதன்மேல் படிகிறது. பக்கத்து ஊர்களின் துயரம் எல்லாம் எங்கள் படித்துறையில் மடித்து அடுக்கியதுபோல.

மேலே உள்ள வரி நன்றாக இருக்கிறது. ஆனால் யாரும் மடித்து அடுக்கவில்லை. சுருண்டு கிடக்கிறது.

மே 4, ஞாயிறு

ஏழு மணி என்று சொல்லியிருந்தேன். எட்டரைக்கு வந்தார்கள். கல்லூரி மாணவிகள், ஜொஹராவின் தையல் பெண்கள், எங்கள் தெருவிலிருந்து ஆவுடையம்மா சித்தியும் இன்னும் சிலரும். சித்தி அம்மாவின் படித்துறைச் சிநேகிதி. பஞ்சாயத்திலிருந்து தூய்மைப் பணியாளர் மாடத்தி அக்கா.

பாட்டில், ஷாம்பு உறை, உடைந்த கலயம், தேங்காய் மூடி எல்லாம் மளமளவென்று சாக்குக்குள் போயின. வெயில் ஏறவில்லை. யாரோ பாட்டுப் போட்டார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதைக் கவனிக்கவும் செய்தேன்.

துணிக்கு வந்ததும் கைகள் நின்றன.

"அது அடுத்தவ பாவம்லா," என்றாள் சித்தி. "தொட்டா நம்ம மேல ஏறிக்கிடும்."

"கையுறை போட்டிருக்கீங்களே சித்தி."

"பாவத்துக்குக் கையுறையா தெரியப்போவுது?"

பிறகு ஒன்று நடந்தது. எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து, மாடத்தி அக்காவுக்கு வழி விட்டார்கள். பார்ப்பதற்கு மரியாதைபோலவே இருந்தது.

மாடத்தி அக்கா குனிந்து ஒரு பாட்டிலை எடுத்துத் தன் சாக்கில் போட்டாள்.

"என்ன, எல்லாரும் என்னையே பாக்கிய?"

"இல்ல, நீங்க தெனமும் செய்யுத வேலதானக்கா..." என்றாள் ஒரு மாணவி.

"தெனமும் செய்யுதது சம்பளத்துக்கு. இன்னிக்கி ஞாத்துக்கிழம, எனக்கு லீவு. ஒரு கை கொடுக்கலாம்னு வந்தேன். நீ என்னத்துக்கு வந்த?"

"சேவைக்கு..."

"நானும் அதுக்குத்தான். சேவைக்கு வந்தவ எல்லாம் பாட்டில் பொறுக்கும்போது நான் மட்டும் பாவத்தப் பொறுக்கணுமாக்கும்?"

சிலர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஓர் ஆள் அனுப்புங்கள் என்று கேட்டவள் நான். எதற்கு என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாமல் கேட்டவள்.

தண்ணீரில் இறங்கி ஒரு முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது. மீதி மணலுக்குள். மறுபடி இழுத்தேன். உட்கார்ந்துவிட்டேன், இடுப்பளவு ஆற்றில். மேலே டீக்கடையிலிருந்து பால்துரை அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி டம்ளரை உயர்த்திக் காட்டினார்.

சேலை அங்கேயே கிடக்கிறது.

மே 5, திங்கள்

தோள் வலி. அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். எதனால் என்று கேட்கவில்லை.

மே 7, புதன்

ஜொஹரா வந்தாள். முன்னறையில் உட்கார்ந்து முறுக்கு தின்றாள்.

"அடுத்த வாரம் எவளும் வரமாட்டா, ஏட்டி உலகு. பாட்டிலத்தான் பொறுக்கியாச்சே, போட்டோவும் எடுத்தாச்சே."

"துணியை எடுக்காமல் என்ன சுத்தம்?"

"யாருக்காக இம்புட்டு பிடிவாதம்?"

"ஊருக்காக."

"சரி. ஊரு இப்ப எங்க இருக்கு? அடுப்படியிலயா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. ஜொஹராவின் காலை மிதித்தேன். அவள் இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டாள்.

மே 9, வெள்ளி

மாடத்தி அக்காவைத் தெருமுனையில் பார்த்தேன். அன்றைக்கு நடந்ததற்கு வருத்தம் என்றேன். அவள் தள்ளுவண்டியை நிறுத்தவில்லை. நானும் கூடவே நடந்தேன்.

"வருத்தம்லாம் இருக்கட்டும். இந்த ஞாத்துக்கிழமையும் உண்டுமா?"

"உண்டு. யார் வருவார்கள் என்று தெரியவில்லை."

"நீ தொட்டா நானும் தொடுதேன். நான் மட்டும்னா மாட்டேன். அவ்வளவுதான் கணக்கு."

நான் நான்கு வருடம் தத்துவம் படித்தேன். சமத்துவம் பற்றி ஒரு முழு இயல் எழுதியிருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

நிறைய எழுத வேண்டும். கை வலிக்கிறது. பரவாயில்லை.

காலையில் நாங்கள் மூன்று பேர்தான் தண்ணீரில். நான், ஜொஹரா, மாடத்தி அக்கா. மற்றவர்கள் வந்தார்கள், ஆனால் படியில் நின்றார்கள். ஒரே சேலையை மூவரும் பிடித்து இழுத்தோம். அது அசையவில்லை. அதன்மேல் ஒரு வேட்டி, வேட்டியின்மேல் வேறொரு சேலை. ஜொஹரா வழுக்கி மாடத்தி அக்காவின் மேல் விழுந்தாள்.

மேலேயிருந்து அண்ணாச்சியின் குரல்.

"என்ன தங்கச்சி, தேரோட்டமா? சாமி எங்க, காணும்?"

"வாயால இழுக்காதீரும் அண்ணாச்சி," என்றாள் மாடத்தி அக்கா. "தேருன்னா வடம் வேணும். உம்ம கடையில இருந்தா கொண்டாரும்."

"இருந்தா என்ன தருவ?"

"முன்னால நின்னு இழுக்க எடம் தாரேன்."

அவர் எழுந்து போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது தோளில் லாரியில் பாரம் கட்டும் கயிறு. கையில் பாதாளக் கரண்டி. கிணற்றில் வாளி விழுந்தால் எடுப்பார்களே, இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கி தொங்கும், அது. கயிற்றின் நுனியில் கட்டி, ஆற்றில் எறிந்தார். அவரும் வேடிக்கையாகத்தான் எறிந்தார் என்று நினைக்கிறேன். கொக்கி எதையோ பற்றிக்கொண்டது. கயிறு விறைத்தது.

"எம்மா, கனக்குடோய்! சும்மா நிக்காதிய, பிடிங்க."

படியில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கயிறு யாருடைய பாவமும் இல்லை. லாரிக் கயிறு. ஆவுடையம்மா சித்திதான் முதலில் செருப்பைக் கழற்றினாள். தேர் இழுக்கப் போகிறவள்போல முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மாணவிகள். பிறகு டீ குடிக்க வந்தவர்கள்கூட.

மாடத்தி அக்கா கயிற்றின் முதல் பிடியில் நின்றாள். "எங்கம்மை காலத்துல எங்களயெல்லாம் வடம் தொட விடமாட்டாவ," என்று பொதுவாகச் சொன்னாள். "இன்னிக்கி எனக்குப் பின்னாலதான் எல்லாரும். ம், இழுங்க!"

அவளுக்குப் பின்னால் இருந்த சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் இழுத்தாள்.

அது வந்தது. ஒன்று அல்ல, ஒரு குவியல். மணலும் பாசியும் சொட்டச் சொட்ட, ஏதோ ஒரு பெரிய மிருகம் கரையேறுவதுபோல. ஊளையிட்டார்கள், குலவை போட்டார்கள். மறுபடி எறிந்தார் அண்ணாச்சி. மறுபடி. மதியம்வரை.

ஒவ்வொரு சேலையும் வெளியே வரும்போது அதன் நிறத்தைப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை. அம்மா காலைச் சுற்றியது எந்த நிறம் என்று யாரும் சொன்னதில்லை.

அடுத்த சிக்கல். கரையில் குவிந்ததை டிராக்டரில் யார் ஏற்றுவது? தொட வேண்டுமே. கயிற்றாலேயே மணலில் பரப்பினோம். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தது. அதற்குள் சட்டம் மாறிவிட்டது.

"காஞ்ச துணியில என்ன இருக்கு?" என்றாள் ஒருத்தி.

"ஈரத்துலதான் எல்லாம் நிக்கும். வெயிலு பட்டா போயிரும்."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்லுதேன்."

"அப்பம் சரி."

இதற்கு மேல் எந்த விவாதமும் நடக்கவில்லை. காய்ந்ததை ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கி ஏற்றினார்கள். "இந்தச் சுங்குடியப் பாரேன், புதுசு மாதிரி இருக்கு," என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல முடிவாக இருந்திருக்கும்.

வேலை முடிந்ததும் எல்லோரும் குளித்தார்கள். நான் சாக்கு கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கிறேன். ஆற்றில் ஊதா நிறத்தில் ஏதோ மிதந்து போகிறது. பின்னால் ஒரு பச்சை. பின்னால் ஒரு பூப்போட்ட சுடிதார்.

ஆவுடையம்மா சித்தி மாற்றுச் சேலையில், ஈரத் தலையோடு, நிம்மதியாகப் படியேறி வந்தாள்.

"சித்தி, உடுத்தியிருந்த சேலை எங்கே?"

"ஆத்தோட விட்டுட்டேன்."

"எதற்கு?"

"நல்லா கேட்ட போ. காலையில இருந்து ஊர்ப்பட்ட தோஷத்த இழுத்திருக்கேன். அந்தச் சேலையோடயா வீட்டுக்குள்ள போவ?"

அவளைப் பார்த்து மற்றவர்களும் விட்டிருக்கிறார்கள். மாடத்தி அக்கா படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அண்ணாச்சி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "தேரு நிலைக்கு வந்துட்டுன்னு நெனச்சேன். திரும்பவும் பொறப்பட்டுட்டே."

சாயங்காலம்.

அம்மாவிடம் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று இல்லை, வாயில் வந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். உடம்பு குலுங்க. அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினாள்.

"ஆவுடை எந்தச் சேலைய விட்டா?"

"ஊதா. மஞ்சள் கரை போட்டது."

"மஞ்சக் கரையா? சின்னச் சின்னதா கோபுரம் போட்டிருக்குமா?"

"இருக்கலாம்."

"அது என் சேலைல்லாட்டி! பொங்கலுக்கு இரவல் வாங்குனவ. கேட்டா, தொவைச்சுத் தாரேன், தொவைச்சுத் தாரேன்னு... எடுபட்டவ, என் சேலையவா ஆத்துல விட்டா?"

அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். தூங்கும்வரை ஆவுடையம்மா சித்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு உற்சாகமாக அவளை நான் பார்த்து வெகுநாள்.

மே 18, ஞாயிறு

படித்துறைக்கு நான் போனபோது அம்மா எனக்கு முன்பே அங்கே இருந்தாள்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்ததாக ஜொஹரா சொல்கிறாள்.

மேல்படியில், இடுப்பில் கை வைத்து நின்றாள். ஆவுடையம்மா சித்தி தெருமுனையில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"வாட்டி, வா. எங்க என் சேலை?"

சித்தி அப்படியே நின்றாள். பிறகு ஓடி வந்து அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வடிவு! வந்துட்டியா? மூட்டுவலி போயிட்டா?"

"மூட்டுவலி எங்கயும் போவல. சேலதான் போயிருக்கு."

"ஒரு சேலைக்கா இம்புட்டு சத்தம்? தீபாவளிக்கு ஒண்ணு எடுத்துத் தாரேன்."

"எனக்கு அதுதான் வேணும்."

எல்லோரும் கரையோரமாக ஊதாவைத் தேடினார்கள். அது தூரம் போகவில்லை. கொஞ்சம் கீழே, பாறை இடுக்கில் சிக்கி, நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கொக்கியை எறிந்தார். தவறியது. மறுபடி எறிந்தார்.

"அங்க இல்ல அண்ணாச்சி, இங்கிட்டு! அந்தா, அந்தா..."

கத்தியது அம்மா. கத்திக்கொண்டே படி இறங்கியிருந்தாள். கடைசிக் காய்ந்த படியில் நின்றாள். ஓர் அலை வந்து கால் விரல்களை நனைத்தது. கீழே பார்த்தாள். சட்டென்று மேலே ஏறிவிட்டாள்.

நான் மட்டும்தான் பார்த்தேன். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டேன்.

சேலை வந்தது. மஞ்சள் கரையில் ஒரு கிழிசல். அதைக் கையில் வாங்க அம்மா தயங்கவே இல்லை. அவளுடையது. யார் தோஷம், எவர் பாவம் என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயே பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

பிறகு யாரும் சொல்லாமலே ஒரு வேலையை எடுத்துக்கொண்டாள். குளித்து ஏறுகிறவர்களை மேல்படியில் மறித்தாள்.

"உடுத்தியிருந்தது எங்க? காட்டு."

"பையில இருக்கு அத்த."

"பையத் தொற."

வெளியூரிலிருந்து பரிகாரத்துக்கு வந்த ஒரு குடும்பத்தையும் மறித்தாள். அந்த ஆள் முறைத்தார். விடச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். "முங்கி எழுந்திரிச்சாலே போயிரும், சாமி. துணியப் பத்தி ஆறு கேக்கல," என்றாள் அம்மா. அவர் மனைவி உடனே ஈரப் புடவையைப் பிழிந்து பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் அந்தப் புடவையை விட மனம் இருந்திருக்காது. நல்ல புடவை.

மே 19, திங்கள்

அம்மாவின் தொண்டை கட்டிவிட்டது. சுக்கு வைத்துக் கொடுத்தேன்.

மே 25, ஞாயிறு

முடிந்தது. கொக்கியை எங்கே எறிந்தாலும் வெறுமனே திரும்பி வருகிறது. படிக்குக் கீழே மணல் தெரிகிறது. மணலில் மீன் குஞ்சுகளின் நிழல் தெரிகிறது. நானும் மாடத்தி அக்காவும் ஒரு கரையிலிருந்து மறுகரை நோக்கி, காலால் தடவிக்கொண்டே நடந்து பார்த்தோம். எதுவும் தட்டுப்படவில்லை.

அண்ணாச்சி எல்லோருக்கும் டீ கொடுத்தார். பிளாஸ்டிக் கப்பில். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடி டம்ளர் எடுக்க உள்ளே போனார்.

நல்ல நாள். வெயில் மேகத்துக்குள் இருந்தது. மாணவிகள் ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீர் இறைத்தார்கள். சித்தி கழுத்தளவு தண்ணீரில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

"வா வடிவு. கண்ணாடி மாரி இருக்கு."

"மூட்டுவலி," என்றாள் அம்மா.

நானும் கேட்டேன். ஒரே ஒரு தடவை. சும்மா கேட்பதுபோல.

"கேட்டுட்டேல்லா. பேசாம இரு," என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

சரி. படித்துறை சுத்தமாகிவிட்டது. அதற்குத்தான் வந்தோம்.

சாயங்காலம் முழுதும் தலை வலித்தது. வெயிலாக இருக்கும்.

மே 28, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் அறை கிடைத்துவிட்டது. அம்மா தெருவுக்குப் போய்க் காய் வாங்குகிறாள், சித்தியோடு சண்டை போடுகிறாள். குளியல் வீட்டில்தான். இது போதும். போதும் என்று எழுதிப் பார்த்தேன்.

ஜூன் 2, திங்கள்

அணை திறந்துவிட்டார்கள். தண்ணீர் முதலில் கலங்கலாக வந்தது. கீழ்ப்படிகள் மூழ்கின. போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். இனி அடியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. பார்த்தவர்கள் சொன்னால் நம்ப வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். "ஒன்றும் இல்லையம்மா. நான் காலால் நடந்து பார்த்தேன்."

"ம்," என்றாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஜூன் 7, சனி

நாளை ரயில். பெட்டி பாதி அடுக்கியிருக்கிறேன்.

காலையில் விழித்தபோது அம்மா இல்லை. வெளிக்கதவு சாத்தியிருந்தது. காய் வாங்கப் போயிருப்பாள் என்று படுத்தேன். பிறகு எழுந்து, உடுப்பை மாற்றாமல், படித்துறைக்கு நடந்தேன். ஓடவில்லை.

ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. கலங்கல் தெளிந்திருந்தது. டீக்கடைச் சுவரோரம் நின்றேன். சித்தி தண்ணீரில். அவளுக்கு எதிரே அம்மா, மார்பளவில்.

இன்னும் ஒரு படி இறங்கப் போகிறாள். காலை முன்னால் நீட்டி, அடியில் அப்படியும் இப்படியும் தடவிப் பார்த்தாள். தண்ணீருக்கு மேலே தோள் அசைவதில் அது தெரிந்தது. வைத்தாள். மற்றக் காலையும் வைத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள்.

எண்ணக் கூடாது என்று நினைத்தேன்.

எழுந்தாள். முடி முகத்தை மூடியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, முங்குவதற்கு முன் பாதியில் விட்ட பேச்சைத் தொடர்ந்தாள். "அப்படியா கேட்டா அவ? நீ என்ன சொன்ன?" சித்தி ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். என்னைப் பார்க்கவில்லை.

"மூணு நாளா வாராவ," என்றார் பால்துரை அண்ணாச்சி, பின்னாலிருந்து. "உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி."

"கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்."

டீ தரவா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன்.

வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன். கதவை முன்பு இருந்ததுபோலச் சாத்தினேன். அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பேருக்கும் பால் வைத்தேன்.